உஷார்! காட்டுப்பள்ளித் தீவில் வீடு தேடுகிறீர்களா?

முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இதைப் படித்து முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கொரோனா காலத்தில் தொடங்கிய ‘வீட்டிலிருந்தே வேலை’ பல நிறுவனங்களில் இன்னும் முழுதாக முடிந்துவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள் எங்கிருந்தாவது வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அம்பத்தூரிலும் பெரம்பூரிலும் வாடகை கொடுத்து மாளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஸ்ரீசிட்டியிலோ ஷிப்ட், மனைவிக்கு லேப்டாப்பில் வேலை என்று அமைந்த குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களில் சிலர் என்னிடமே கேட்டுவிட்டார்கள்: பழவேற்காட்டுப் பக்கம், அந்தத் தீவில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு கிடைக்குமா? வாடகைக்கு வேண்டாம், ஒரு மனையே வாங்கிப் போட்டுவிடலாமா?

ஆசையில் தப்பே இல்லை. கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஏரி, நடுவில் சவுக்குத் தோப்பு. வலையிலிருந்து இறங்கிய இறால் அரை மணி நேரத்தில் அடுப்பில் இருக்கும். மாசி, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மனசு அங்கேயே தங்கிவிடும். ஆனால் பங்குனியில் பார்த்த அதே மணலில்தான் கார்த்திகையிலும் குடியிருந்தாக வேண்டும். கார்த்திகை எப்படி இருக்கும் என்பதை வீடு காட்ட வருகிற ஆள் சொல்ல மாட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே தொடங்கிப் பழவேற்காடு முகத்துவாரம் வரை நீளும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளித் தீவு. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாற்றின் உப்பங்கழி, அப்புறம் பழவேற்காடு ஏரி. தெற்குப் பகுதியில் வட சென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று வரிசையாக நிற்கின்றன. வடக்கே போகப் போக காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று மீனவ ஊர்கள். பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கம். சில இடங்களில் கடலுக்கும் கழிக்கும் நடுவே சில நூறு மீட்டர் மணல்தான் இருக்கிறது. உங்கள் வீடு நிற்கப்போவது அந்த மணலில்.

அந்த மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. நடுவில் கடலுக்குள் ஓர் அலைதடுப்புச் சுவர் கட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்து கருங்கல் கொட்ட வேண்டி வந்ததும் இதனால்தான். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் வந்தது. இரண்டுக்கும் வடக்கே இருப்பது எது என்று பாருங்கள். நீங்கள் வீடு தேடும் ஊர்கள்தான். கடல் தங்கள் பக்கம் நெருங்கி வருவதை அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒருநாள் கடல் இந்தத் திட்டை உடைத்துக்கொண்டு ஏரியோடு கலந்துவிடுமோ என்பது அவர்களுடைய நிஜமான பயம்.

இது வெறும் பீதி என்று யாராவது சொன்னால் இரண்டு இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நம்முடையது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி. ரயில் நிலையம், தபால் நிலையம், கப்பல் துறை எல்லாம் இருந்த ஊர் அது. ஒரே இரவில் போனது, பயணிகளோடு வந்த ரயிலும் போனது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது, இன்றுவரை ஊர் திரும்ப எழவில்லை. இன்னொன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹட்டராஸ் தீவில் இருக்கும் ரொடாந்தி. அதுவும் நம் காட்டுப்பள்ளி போலக் கடலுக்கும் கழிக்கும் நடுவே கிடக்கும் ஒல்லியான மணல் தீவு. பணக்கார நாடு, பொறியியலுக்குக் குறைவில்லாத நாடு. 2022 மே 10ஆம் தேதி ஒரே நாளில் அங்கே இரண்டு வீடுகள் கடலில் சரிந்து மிதந்து போயின. அதன் பிறகும் வீடுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. கட்டும்போது அந்த வீடுகளுக்கு முன்னால் தாராளமாகக் கடற்கரை இருந்தது.

இப்போது மழைக்காலத்துக்கு வருவோம். இந்தத் தீவில் ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கிழக்கே கடல் கொந்தளிக்கும் அதே நாள்களில் மேற்கே ஆறுகள் இறங்குகின்றன. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி மதகு திறந்தால் கொசஸ்தலையாறு வழியாக அந்தத் தண்ணீர் எண்ணூர் கழிக்குத்தான் வரும். ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு பெருகி, பொன்னேரி வட்டாரத்து வயல்களை மூழ்கடித்துப் பழவேற்காடு ஏரியில் சேரும். அந்த நேரம் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. மணல் தூர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஏரி ஏறும், கடலும் ஏறும், நடுவில் நீங்கள் இருப்பீர்கள். தீவின் நீளத்துக்கு ஓடும் சாலையில் கடல்நீரும் மணலும் ஏறிப் போக்குவரத்து நிற்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வெளியே வர இருப்பது இரண்டே வழி: வடக்கே பழவேற்காடு பாலம், தெற்கே காட்டுப்பள்ளி வழியாக மீஞ்சூர். இரண்டும் ஒரே நாளில் அடைபடலாம்.

2023 டிசம்பரை மறந்துவிட வேண்டாம். மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தில் கரையேறவே இல்லை. 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கடந்தது. போகிற போக்கில் 3, 4 தேதிகளில் கொட்டிய மழைக்கே சென்னையும் திருவள்ளூரும் மூழ்கின. அந்த வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியது. அலையாத்தி மரங்களின் வேரில், படகில், வலையில் எல்லாம் கறுப்பாகப் படிந்தது. மீனவர்கள் வெறுங்கையால் வாளியில் மொண்டு எடுத்த காட்சியை நாடே பார்த்தது. அந்த அதிர்ச்சி அடங்குமுன் டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். புயல், எண்ணெய், அம்மோனியா மூன்றும் ஒரே மாதத்தில், ஒரே கழியைச் சுற்றி. கடற்காற்று வாங்கலாம் என்று போகிறவர்கள் அந்தக் காற்றில் என்னென்ன வரக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சம்பளம் இரண்டு கம்பிகளில் தொங்குகிறது: மின்சாரம், இணையம். பக்கத்திலேயே வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இருக்கின்றனவே, மின்சாரத்துக்கு என்ன குறை என்று நினைக்காதீர்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கோபுரங்களில் ஏறி எங்கோ போய்விடும். உங்கள் வீட்டுக்கு வருவது மணலில் நட்ட கம்பத்தில் வருகிற லைன்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. நகரத்துக்குள்ளேயே பல நாள் இருட்டு. தீவின் கடைசிக் குப்பத்துக்கு லைன் இழுத்து முடிப்பது எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் வரும்.

செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். சாலை அடைபட்டால் டீசல் வண்டி வராது. இரண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறேன் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். இரண்டு கம்பெனிக்கும் ஆன்டெனா ஒரே கோபுரத்தில் இருக்கலாம், இரண்டுக்கும் கேபிள் ஒரே பாலத்தின் வழியாக வரலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத வரை உங்களிடம் இருப்பது ஒரே இணைப்புதான். துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றிச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் ஏற்றுவார்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் புயல் இருக்கிறது என்பதற்கு, மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை, ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பெரும் ஆபத்து. பதினொன்று எதற்கு என்று பலருக்குத் தெரியாது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்குத்தான் அந்தக் கூண்டு. தகவல் தொடர்பை நம்பியே பிழைக்கிற நீங்கள் அந்தப் பதினொன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏசியின் செம்புக் குழாய், இன்வெர்ட்டர் பேட்டரியின் முனை, லேப்டாப்பின் சார்ஜர் ஓட்டை, ஜன்னல் கம்பி எதையும் அது விடாது. நகரத்தில் பல வருஷம் வரும் பொருள் அங்கே பாதிக் காலம்கூட வராது. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் நீங்கள் எங்கிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். மூன்று நாள் தொடர்பில்லாமல் போனால் அந்த ஒரு கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இதெல்லாம் வாடகைக்குப் போகிறவர்களுக்கு. மனை வாங்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த உஷார் இன்னும் பலமாகத் தேவை.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு வந்த விரிவாக்கத் திட்டத்தின் அளவைக் கேளுங்கள்: 53,400 கோடி ரூபாய், மொத்தம் 6,110 ஏக்கர். இப்போதிருக்கும் துறைமுகம் அதில் சுமார் 330 ஏக்கர் மட்டும். திட்ட ஆவணத்தின்படி சுமார் 796 ஹெக்டேர் கடலைத் தூர்த்து எடுக்கப்படும், சுமார் 762 ஹெக்டேர் அரசு நிலம், சுமார் 781 ஹெக்டேர் தனியார் நிலம். அந்தத் தனியார் நிலத்துக்குள் உங்கள் மனை விழாது என்று உங்களுக்கு உறுதி கொடுக்கப்போவது யார்? மனை விற்பவரா? மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22க்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிவைக்கப்பட்டது. மீனவ ஊர்கள் எதிர்த்து நின்றதால்தான் அந்தத் திட்டம் இவ்வளவு பேசப்பட்டது. முன்பு துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த ஊருக்கே அந்தக் கதி என்றால், நேற்று பத்திரம் போட்ட நமக்கு என்ன பிடிமானம் இருக்கும்?

அடுத்தது சட்டம். பத்திரப் பதிவு ஆகிவிட்டது என்பதற்காக வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு. கடற்கரைக்கு மட்டுமல்ல, உப்புநீர் ஏறி இறங்கும் கழிக்கும் கால்வாய்க்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். தீவில் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். அலையாத்திக் காடு, மணல் மேடு, ஆமை முட்டையிடும் கரை, சேற்றுத் திட்டு எல்லாம் மிகக் கடுமையான பிரிவில் வரும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. எனவே வனத்துறையின் பேச்சும் உண்டு. மனை விற்கிறவர் ‘பீச் வியூ’ என்று சொல்கிறார் என்றால், அந்தக் காட்சி தெரிகிற தூரமே சட்டச் சிக்கலின் தூரமாக இருக்கலாம்.

சர்வே எண்ணை முதலில் வாங்குங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் நீங்களே எடுங்கள், விற்பவர் நீட்டுகிற ஜெராக்ஸை நம்பாதீர்கள். அ-பதிவேட்டில் கழி, கால்வாய், மேய்ச்சல், உப்பளம் புறம்போக்கு என்று ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் எண் இருந்தால் அந்த எண் அதே சர்வேக்கு உரியதா என்று சரிபாருங்கள். சிஎம்டிஏவின் எல்லை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்ததைக் காட்டி ‘இனி இதுவும் சென்னைதான்’ என்று பேசி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. எல்லை விரிந்ததால் கடல் பின்வாங்கிவிடாது. விதிகளும் தளர்ந்துவிடாது.

குடிநீரைப் பற்றிக் கேட்காமல் யாரும் சாவி வாங்காதீர்கள். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடியில் கடல்நீர் நுழைந்துவிட்டது என்பது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்ட விஷயம். சென்னையின் தாகத்துக்காக அந்தக் கிணறுகளிலிருந்து அவ்வளவு தண்ணீர் இறைக்கப்பட்டது. இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே உள்ள கிணறுகளில்கூட உப்புக் கரிக்கிறது. தீவிலேயே கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2010 முதல் ஓடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போவதற்காகக் கட்டப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருவில் குடத்தோடு நிற்கிற அக்காவிடம் கேளுங்கள்.

உடம்புக்கு ஏதாவது என்றால்? பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், பெரிய சிகிச்சை என்றால் சென்னை ஸ்டான்லிதான். தெற்கு வழியில் வந்தால் மீஞ்சூர், டிபிபி (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். இரவில் டூ வீலரில் அந்தச் சாலையில் போகவே போகாதீர்கள். வயதான அப்பா அம்மாவையோ நிறைமாதக் கர்ப்பிணியையோ கூட்டிக்கொண்டு போய்க் குடியிருக்கும் இடமல்ல இது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை அழைத்து ஏரியில் படகுச் சவாரி போகலாம் என்ற எண்ணம் வரும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் பெண்களும் உட்பட. மீன்பிடிப் படகில் அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தார்கள், மிதவை உடை இல்லை. அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. யாராவது ‘நம்ம படகுதான், வாங்க சார்’ என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். கூப்பிடுகிறவர் நல்லவராக இருக்கலாம். முகத்துவாரத்தின் நீரோட்டம் அதைப் பார்ப்பதில்லை.

அந்த ஏரியும் சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை. எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குப் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. தலைமுறைகளாக மீனவர்கள் தங்களுக்குள் பேசி நடத்திவரும் ஒழுங்கு அது. வெளியிலிருந்து போகிறவர் ஆர்வத்தில் தூண்டிலோ வலையோ போட்டால் அது இன்னொருவர் சோற்றில் கைவைப்பதாகும். ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் துறைமுகமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது போதும். வாடகைக்குப் போகிறவர்கள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. புயல் இரவில் உங்கள் கதவைத் தட்டி ‘எழுந்து வாங்க’ என்று சொல்லப்போவதும் அவர்கள்தான்.

‘ஸ்ரீஹரிகோட்டாவும் தீவுதானே, அங்கே அத்தனை விஞ்ஞானிகள் குடியிருக்கிறார்களே’ என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவு அது. 1971 அக்டோபர் 9ஆம் தேதி அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. ஆனால் அது ஒரு நாட்டின் விண்வெளித் துறை தனக்காகக் கட்டிய ஊர். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியைக் கடந்து போகும் சாலை, தனி மின் ஏற்பாடு, குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, பாதுகாப்புப் படை எல்லாம் அரசு செலவில் நிற்கின்றன. 1984 நவம்பரில் அந்தத் தீவின் அருகிலேயே புயல் கரையேறியிருக்கிறது. அதையும் தாங்கித் திட்டமிட ஒரு நிறுவனமே அங்கே உட்கார்ந்திருக்கிறது. லைட் ஹவுஸ் குப்பத்தில் வாடகைக்கு இருக்கப்போகிற உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்துகிறார்கள். தீவு வாழ்க்கையில் முடிவெடுப்பது பெரும்பாலும் தீவில் இருப்பவர்கள் இல்லை.

சரி, ஆசைப்பட்டவர்கள் என்னதான் செய்வது? என் தீர்ப்பைச் சொல்கிறேன். மனை வாங்கவே வாங்காதீர்கள். வாடகைக்கு என்றால் தை பிறந்த பிறகு போங்கள், ஆடி வரை இருங்கள், புரட்டாசி முடிவதற்குள் சாமான்களோடு கரைக்குத் திரும்பிவிடுங்கள். ஒப்பந்தத்தை அந்த மாதங்களுக்கு மட்டும் போடுங்கள். பதினோரு மாதம் என்று அச்சடித்த தாளில் கண்ணை மூடிக் கையெழுத்து வேண்டாம். நேரில் போகாமல், படத்தை மட்டும் பார்த்து ஜிபேயில் முன்பணம் அனுப்பவே கூடாது.

வருஷம் முழுக்க இருக்க வேண்டும் என்றால் பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ரயில் நிலையத்துப் பக்கம் வீடு பாருங்கள். மின்சார ரயில் இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிறது, ஏரி ஒரு மணி நேரத்துக்குள். கும்மிடிப்பூண்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன, அபாயகரமான தொழிற்கழிவைப் புதைக்கும் தளமும் அங்கேதான். வீடு பார்க்கப் பகலில் போனால் போதாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை போய் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். மொட்டை மாடியைக் கையால் தடவிப் பாருங்கள், கரி ஒட்டுகிறதா என்று.

ஏற்கெனவே தீவில் குடியேறிவிட்டவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியவை உண்டு. 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ். மூன்றையும் செல்போனில் மட்டுமல்லாமல் சுவரிலும் எழுதி வையுங்கள். டிஎன்-அலர்ட் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் குப்பத்துக்குரிய புயல் பாதுகாப்பு மையம் எது, அங்கே நடந்து போக எவ்வளவு நேரம் என்பதை வெயில் நாளிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். கூண்டு ஏறிய பிறகு வீட்டைக் காவல் காக்க உட்காராதீர்கள். பாலம் திறந்திருக்கும்போதே பாஸ்போர்ட், பட்டா, மருந்து, ஹார்ட் டிஸ்க் ஒரு பையில் கட்டிக்கொண்டு பொன்னேரிக்கு வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.